ஊதாத சங்கும் பச்சை வாட்சும்

இது கணக்குப் புதிர் இல்லை. தாளும் பேனாவும் தேடவேண்டாம். சோறு வடித்துக்கொண்டேகூட யோசிக்கலாம். கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டால் போதும்.

ராஜபாளையத்தில் மருந்துக்கடையில் வேலை பார்த்த சுடர்க்கொடிக்குப் பழைய கைக்கடிகாரம் சேர்க்கும் ஆசை புதிதாகப் பிடித்திருந்தது. முதலில் வாங்கிய வாட்ச் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து வெயிலில் காட்டினால், முகப்பில் எண்களெல்லாம் பிள்ளைக்கு மை தீட்டினாற்போல் தடித்துக் கிடந்தன. அத்தனையும் புதுப் பெயிண்ட். இரண்டாவதில் மேல்மூடி ஒரு கம்பெனி, உள்ளே மெஷின் வேறொரு கம்பெனி. அதுவும் நாலு நாளில் நின்றுபோனது.

கணவன் கதிரேசன் சிரித்தான். "உன் வாட்சுக்கு மணி தெரியணும்னா என் போனைத்தான் கேக்கணும்."

ரோசத்தில் அவளும் சொல்லிவிட்டாள்: மூன்றாவதும் ஏமாந்தால் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று.

ஆயுத பூஜையன்றே பழைய சாமான் சந்தையும் கூடியது. மகளைக் கணவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்சுக்கெல்லாம் மாலை. மில் வாசலில் வாழைமரம். பூஜை முடிந்து, நெற்றியில் சந்தனத்தோடு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பையில் பொரிகடலை, பையில் மில்லின் பெயர். இதெல்லாம் அவள் கண்ணில் பட்டதே தவிர மனசில் தங்கவில்லை. மனசு முழுக்க வாட்ச்.

பீர்முகமது பாய் மதுரையிலிருந்து சந்தை நாளுக்கு மட்டும் வருகிற வியாபாரி. வெள்ளைத் துணி விரித்து வாட்சுகளை வரிசையாகப் பரப்பியிருப்பார். ஒன்று மூன்று மணி காட்டும், பக்கத்தில் இருப்பது ஏழு காட்டும். அதனால் பாய் நேரத்துக்கு நம்புவது மில் சங்கை மட்டும்தான். பகல் பன்னிரண்டுக்கு அது ஊதினால் ஊரே சோற்றுக்கு எழும்பும்.

அந்தச் சந்தையில் வாட்சுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையில் இருக்கும் வாட்சுக்கு இன்னொருவர் விலை கேட்கக்கூடாது. துணியில் திரும்ப வைத்தால்தான் அடுத்தவருக்கு முறை.

பாயின் மடியருகே கைக்குட்டையில் சுற்றி ஒரு வாட்ச் தனியாக இருந்தது. பாசிப் பச்சை முகப்பு. சுடர்க்கொடி கேட்டபோது, காலையில் ரத்தினசபாபதி போன் பண்ணினார் என்றும், மில் சங்கு ஊதும்வரை எடுத்துவைப்பதாகவும் அதற்குமேல் யாருக்கும் கொடுத்துவிடுவதாகவும் வாக்குக் கொடுத்திருப்பதாகவும் பாய் சொன்னார். அந்த வட்டாரத்தில் வாட்ச் சேர்ப்பவர்களில் ரத்தினசபாபதி பெரிய கை.

அவள் பாத்திரக்கடைப் பக்கம் சுற்றிவிட்டு வந்தாள். வரவும் பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. பாய் தலையைத் தூக்கினார்.

"பாங்கே சொல்லியாச்சு, பன்னிரண்டு தாண்டிடுச்சு. சங்கு எப்பவோ ஊதியிருக்கும், இந்தக் கூட்டத்துல காதுல விழல. பாருங்கம்மா" என்று வாட்சைக் கையில் கொடுத்தார்.

இந்தமுறை அவள் அவசரப்படவில்லை. முகப்பு ஒரே சீராக மங்கியிருந்தது; முள்ளும் அதே அளவு மங்கல். மூடியைக் கழற்றச் சொல்லி, அது கழன்றபோதும் வாட்சைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள். திருகாணித் தலை ஒன்றில்கூடக் கீறல் இல்லை; யாரும் பிரித்து எதையும் மாற்றவில்லை. சாவி கொடுத்துக் காதில் வைத்தாள். தூங்கும் பிள்ளையின் மூச்சுபோல ஒரே ஓட்டம். விலை படிந்தது. மூடியைப் போட்டுவிட்டுப் பர்சைத் திறக்கும் நேரத்தில் மேலே நிழல் விழுந்தது.

ரத்தினசபாபதி நின்றிருந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு பிடி பொரி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"என்ன பாய், என் வாட்ச் ஊர்கோலம் போகுது?"

நேரம் கடந்துவிட்டதைப் பாய் சொன்னார். அவர் தலையாட்டவில்லை.

"நேரமா சொன்னீக? சங்கு ஊதுற வரைக்கும்னீக. சங்கு ஊதலையே. வேணும்னா நாலு பேரைக் கேளுங்க." பிறகு சுடர்க்கொடியைப் பார்த்தார். "புதுசா சேக்குறியாம்மா? பழகுறதுக்கு அந்த வரிசையில எவ்வளவோ கிடக்கு."

பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டால், ஆமாம், சங்கு ஊதவில்லை என்றார்கள். பாய்க்கு முகம் வாடிவிட்டது. முப்பது வருஷ வியாபாரத்தில் வாக்குத் தவறினான் என்ற பேர் அவருக்கு இல்லை. கையில் இருப்பதைப் பிடுங்கினான் என்ற பேரும் இல்லை. சுடர்க்கொடியோ வாட்சைத் துணியில் வைக்கவே இல்லை. விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இதை விட்டால் இன்னொரு நல்ல வாட்சை நம்பித் தொட அவளுக்குத் தைரியம் வராது.

சங்கு ஊதவில்லை, ஆகவே கெடு முடியவில்லை என்கிறார் அவர். கையில் இருப்பது என் முறை என்கிறாள் இவள். நீங்கள் பாய் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? பச்சை வாட்ச் யாருக்குச் சேரவேண்டும், ஏன்?

விடை: சுடர்க்கொடிக்கே. அவள் வாதாடவில்லை, ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணாச்சி, பொரி எந்தக் கடையில வாங்குனது?" பாயின் பார்வை மில் பெயர் போட்ட மஞ்சள் பைக்குப் போனது. மில் பூஜைக்குப் போய் வந்தவருக்கு, பூஜையன்று மெஷின் ஓடாது, சங்கும் ஊதாது என்று காலையில் போன் பண்ணும்போதே தெரியும். சங்கு என்று பாய் சொன்னது வாய்ப்பழக்கத்தில், பகல் பன்னிரண்டை நினைத்து. ஊதாது என்று தெரிந்தே போனில் சரி என்றவர் அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்க முடியாது; கெடு பகல் பன்னிரண்டோடு முடிந்தது, அதன்பிறகு கையில் வைத்திருந்தவளுக்கே முறை. ரத்தினசபாபதி பொரிப் பையை அவள் பக்கம் நீட்டி, "வீட்டுக்குக் கொண்டு போம்மா. வாட்சை நல்லாத்தான் பாத்திருக்க" என்றார். அன்று வீட்டில் கதிரேசன் போனைச் சார்ஜ் போட மறந்து, மனைவியிடம் மணி கேட்டான்.