ஆறாத கொப்பரை

மலை மேல் இருந்த அந்தக் கத்தோலிக்கத் துறவிகள் மடத்தில் திருநாளுக்குத் திருநாள் முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி பீர் செய்வார்கள். கடல் கடந்து வந்து மடத்தை நிறுவியவர் விட்டுப்போன வழக்கம். அடிவாரத்து ஜனங்கள் பூசை முடிந்து ஆளுக்கொரு குவளை குடித்துவிட்டுத்தான் மலை இறங்குவார்கள்.

காய்ச்சுவது இஞ்ஞாசி. குடமும் தட்டும் கழுவி, கூடமாட ஒத்தாசைக்குத் தொம்மை. இருவரும் ஒரே வருஷம் மடத்தில் சேர்ந்தவர்கள், இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

பார்லிச் சாறு கொதித்து இறங்கியதும் சட்டென்று ஆற வேண்டும். ஆறினால்தான் ஈஸ்ட் போடலாம். மெல்ல ஆறினால் காற்றில் இருக்கும் புளிப்பு முந்திக்கொண்டு சாற்றைக் கெடுத்துவிடும். அதனால் சிறுகச் சிறுகக் காய்ச்சி, குடங்களில் ஊற்றி, சுனைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் நிறுத்தி ஆறவைப்பார்கள்.

அந்த வருஷம் மடத்துக்குப் பெரிய செப்புக் கொப்பரை ஒன்று வந்தது. இஞ்ஞாசிக்கு அதைப் பார்த்ததும் கை பரபரத்தது.

"மொத்தத்தையும் ஒரே தடவையில காய்ச்சிடலாம்" என்றார்.

"இவ்வளவும் எப்ப ஆறுறது பிரதர்? பாதி பாதியா வைக்கலாமே" என்றார் தொம்மை.

"எத்தனை வருஷமா காய்ச்சுறேன். எனக்குத் தெரியாதா?"

காய்ச்சினார். அத்தனையையும் குடம் குடமாக வாய்க்காலுக்குக் கொண்டுபோக இரண்டு பேரால் ஆகவில்லை; சாறு கொப்பரையிலேயே நின்றது. பொழுது சாய்ந்தும் அனல் அடித்தது. விடிந்தபோதும் வெதுவெதுப்பு போகவில்லை. கெடும் என்று தெரிந்தும் ஈஸ்டைப் போட்டு, பிறகு குடங்களில் ஊற்றி மூடிவைத்தார்.

திருநாளன்று முதல் வாய் குடித்த கிழவர் முகத்தைச் சுளித்துத் துப்பினார். அடுத்து நின்றவர்கள் குவளையைக் கீழே வைத்தார்கள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மடத்துத் தலைவர் சூசை சாமி கேட்டார். இஞ்ஞாசியைவிட வயதில் இளையவர், குரல் உயர்த்தாதவர்.

"என்ன ஆச்சு இஞ்ஞாசி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்ஞாசியின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"குடத்தையெல்லாம் தொம்மை சரியா கழுவலை போல, சாமி."

தொம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கஞ்சியைக் குடித்தார்.

அதன்பின் ஒரு சின்ன மாற்றம். தொம்மை கழுவி அடுக்கிய தட்டை எடுப்பவர்கள், தொட்டித் தண்ணீரில் இன்னொருமுறை அலசிவிட்டு உட்கார்ந்தார்கள். இஞ்ஞாசியும் அலசினார். அலசாவிட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்களே.

தொம்மை அதையும் பார்த்தார். கஞ்சி பரிமாறும்போது, "இன்னும் ஒரு கரண்டி விடட்டுமா பிரதர்?" என்று எப்போதும் போலக் கேட்டார். இஞ்ஞாசி போதும் என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

தாங்க முடியாமல் ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சூசை சாமியிடம் கொட்டினார். சாமி கேட்டுக்கொண்டார். மன்னிப்பும் கொடுத்தார். இஞ்ஞாசி கோயிலைவிட்டு வெளியே வந்தார். எதிரே ஈரக் கையோடு தொம்மை வந்தார். இஞ்ஞாசி தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

உபவாசம் இருந்தார். முழங்காலில் நின்றார். பிறகு மறுபடி சாமியிடமே போனார்.

"சாமி, மனசு ஆறவே மாட்டேங்குது."

"நாளைக்குப் பார்லி காய்ச்சு" என்றார் சாமி. "கொப்பரை நிறைய."

"நிறையவா? கெட்டுப்போகுமே சாமி."

"காய்ச்சு."

மறுநாள் மத்தியானம் கொப்பரை தளதளவென்று கொதித்து அடங்கியது. சாமி மணியடித்தார். தோட்டத்திலிருந்தும் மாட்டுக்கொட்டிலிலிருந்தும் எல்லோரும் வந்தார்கள்.

"ஆளுக்கொரு குடம் எடுத்துட்டு வாங்க."

இஞ்ஞாசியின் கையில் அகப்பையைக் கொடுத்தார். வந்தவர் குடங்களில் எல்லாம் இஞ்ஞாசி மொண்டு ஊற்றினார். தொம்மையும் ஒரு குடத்தோடு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நின்ற இளைய சகோதரர் எட்டி அந்தக் குடத்துக்குள் பார்த்தார். சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். தொம்மை அவருக்கு வசதியாகக் குடத்தைச் சற்றுச் சாய்த்துக் காட்டினார்.

இஞ்ஞாசி அதைப் பார்த்துக்கொண்டே ஊற்றியதில் கொதிக்கும் சாறு விரலில் சிந்தியது. அவர் அதைத் துடைக்கவில்லை.

எல்லோரும் வாய்க்காலில் இறங்கி அவரவர் குடத்தைத் தண்ணீரில் நிறுத்திச் சுழற்றினார்கள். ஏதோ பேசிச் சிரித்தார்கள். தொம்மை மட்டும் கடைசியில் தனியாக நின்றார். சிறிது நேரத்தில் ஒவ்வொருவராக, "ஆறிடுச்சு" என்று குரல் கொடுத்தார்கள்.

கொப்பரையின் அடியில் மிஞ்சிய கொஞ்சத்திலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. இஞ்ஞாசி அதன் பக்கத்திலேயே நின்றார். சாமி அருகில் வந்தார்.

"சாமி, உங்ககிட்ட ஒண்ணுவிடாம சொல்லிட்டேன். நீங்களும் மன்னிச்சுட்டீங்க. அப்புறமும் ஏன் சாமி மனசு ஆற மாட்டேங்குது?"

"அன்னிக்குத் தொம்மை பேரைச் சொன்னியே, அப்ப மேஜையில யார் யார் இருந்தாங்க?"

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாரும் இருந்தாங்க சாமி."

சாமி வாய்க்கால் பக்கம் பார்த்தார்.

"எல்லாரும் இப்ப இங்கதான் நிக்கிறாங்க" என்றார்.