ஆறாவது போர்

இரும்புக்குக் காது கேட்கும் நாடு ஒன்று இருந்தது. அங்கே எல்லைக்கல்லின் முன்னால் நின்று ஒரு போரின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அந்த வகைப் போரைத் தவிர வேறு எதற்கும் இரும்பு உதவாது. மீறி வாளை உருவுகிறவன் கையில் ஈரக் களிமண்தான் இருக்கும்.

அதனால் அந்த நாட்டில் படையெடுத்து வருகிறவன் நாளைக் குறிப்பான். எதிர்த்து நிற்கிறவர் வகையைச் சொல்வார்.

வெட்டவெளியில் மோதுவது களப்போர். கோட்டையை வளைத்துச் செய்வது மதிற்போர். பழக்கிய முதலைகளோடு ஆற்றில் செய்வது நீர்ப்போர். ஆளைச் சுமந்து பறக்கும் பெரும்பறவைகள்மேல் ஏறிச் செய்வது சிறகுப்போர். வீரர்களை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவர்களுடைய நிழல்களை மட்டும் மோதவிடுவது நிழற்போர். ஆறாவதாக ஒன்று உண்டு. அதை யாரும் மதிப்பதில்லை.

வடமலை அரசன் கொடுவரியன் மருதங்கல் கோட்டைக்கு நாள் குறித்துவிட்டான். நாளை மறுநாள், சூரியன் எழும் நேரம்.

வகையைச் சொல்லவேண்டியவள் முகிழி. கோட்டைத் தலைவனாக இருந்த அவள் கணவன் போன மழைக்காலத்தில் இறந்துபோனான். அவனுடைய தலைப்பாகை அவள் தலைக்கு வந்தது. தலைக்குப் பெரிதாக இருந்ததால் அடிக்கடி நெற்றியில் இறங்கியது. இடுப்பில் கைக்குழந்தை தும்பி.

கொடுவரியன் வென்ற ஊர்களில் பொன்னைத் தொடமாட்டான். தொட்டில்களைத்தான் காலி செய்வான். நடக்கத் தெரியாத குழந்தைகளையெல்லாம் வடக்கே கொண்டுபோய்த் தன் படைக்கென்று வளர்ப்பான். பெற்றவள் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

முகிழி தன் ஆசான் பொறையனைத் தேடி மலையேறினாள். துணைக்குத் தளபதி வல்லூரன் வந்தான். ஏறி முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

பொறையன் ஒரு காலத்தில் தோல்வியே அறியாத படைத்தலைவர். இடது காலை ஒரு முதலை கொண்டுபோனபிறகு மலைமேல் போர்ப்பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். அவர்கள் போனபோது கிழட்டுப் போர்ப்பறவை ஒன்றுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆசானே, ஒரு கேள்வி."

"வழக்கம் தெரியுமல்லவா?"

தெரியும். பொறையனிடம் கேள்வி கேட்க வருகிறவர் முதலில் அவரோடு ஒருமுறை மோதவேண்டும். தோற்றாலும் பதில் உண்டு. இதுவரை யாரும் வென்றதில்லை.

"குழந்தையை இறக்கிவிட்டு வாளை எடு" என்றார்.

"இறக்கினால் கத்துவாள். பல் முளைக்கிறது. உடம்பு வேறு சுடுகிறது."

"வல்லூரனிடம் கொடு."

வல்லூரன் கையை நீட்டினான். தும்பி அவனுடைய மீசையைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் கிழட்டுப் பறவை இறக்கையை விரித்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது.

"களத்தில் என்னைப் பார்த்து எதிரிகள்கூட இப்படி அலறியதில்லை" என்றான் வல்லூரன். அவன் முகம் வாடிப்போயிருந்தது.

பொறையன் சிரித்தார். "கையே தேவைப்படாத போர் ஒன்று இருக்கிறது. உட்கார்."

ஒரு விளக்கை ஏற்றி நடுவில் வைத்தார். அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் முகிழி. ஆறாவதான உறங்காப் போர் என்பது இவ்வளவுதான். இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர் எதிரெதிரே உட்காரவேண்டும். மடியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பேசலாம், பாடலாம், திட்டலாம். முதலில் தூங்குகிறவர் தோற்றார்.

"இது ஒரு போரா?" என்று வல்லூரன் உதட்டைப் பிதுக்கினான். "கூடல்வாய்க்காரர்கள் இதைச் சொல்லித்தானே ஊரையே பறிகொடுத்தார்கள்? நாடே இன்னும் கைகொட்டிச் சிரிக்கிறது. சரி, சரி, நான் காவலுக்கு உட்காருகிறேன். முற்றுகையின்போது இமைகூட மூடாதவன் நான்."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சற்று நேரத்தில் அவன் குறட்டை பறவைக் கொட்டகைவரை கேட்டது.

முகிழிக்குப் பொறுமை இல்லை. மடியில் தும்பியைப் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீர்ப்போர் என்று சொல்லட்டுமா? வடமலைக்காரர்களுக்கு நீந்தத் தெரியாது."

"ஆற்றூர்க்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள்."

"அப்புறம்?"

"மலைக்காரன் ஏன் நீந்தப்போகிறான்? ஆறு பிறக்கிற இடம் அவன் கையில் இருக்கிறது. அங்கேயே திருப்பிவிட்டுவிட்டான். முதலைகள் சேற்றில் கிடந்து வாயைப் பிளந்தன."

தும்பி சிணுங்கினாள். முகிழி தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள்.

"சிறகுப்போர்? அவனிடம் பறவைகள் குறைவு."

"உன்னிடம்?"

அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். "இதைப்போல இரண்டு."

"பேன் இருக்கிறதா?"

"ஆசானே, விளையாடாதீர்கள்."

அவர் கூரைமேலிருந்த பறவையைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படியானால் நிழற்போர். என் நிழலையே முதலில் அனுப்புகிறேன்."

பொறையன் விளக்கைச் சற்று நகர்த்தினார். அவளுடைய நிழல் சுவரில் பெரிதாக எழுந்தது. தோளில் சாய்ந்திருந்த தும்பியின் தலையும் அதில் இருந்தது.

"இந்த நிழலையா?" என்றார்.

முகிழி சட்டென்று குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். நிழற்போரில் நிழலுக்கு விழுகிற வெட்டு உடம்புக்கும் விழும்.

மதிற்போருக்குப் பத்தாயத்தில் நெல் இல்லை. களப்போருக்கு ஆட்கள் இல்லை. போன மழைக்காலம் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் அவளே சொல்லி அவளே தள்ளினாள். இடையிடையே தும்பியின் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக மூச்சு பட்டதும் விரலை எடுத்தாள். பேச்சு எங்கே விட்டது என்று மறந்துபோய் மறுபடி ஆரம்பித்தாள்.

"அவனுக்கு எது வராது என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் பிடித்துக்கொள்கிறேன்."

பதில் இல்லை. ஆசான் யோசிக்கிறார் என்று நினைத்தாள். காத்திருந்தாள். விளக்கு மங்கியது; திரியைத் தூண்டினாள். எண்ணெய் குறைந்தது, ஊற்றினாள். அப்போதுதான் சுவரோரம் கேட்ட குறட்டைக்கு இந்தப் பக்கமிருந்தும் ஒன்று பதில் சொல்வது காதில் விழுந்தது.

முகிழிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஊர் போகப்போகிறது, இந்த மனிதர் தூங்குகிறாரே! எழுப்பலாமா என்று கையை நீட்டினாள். தும்பி வீறிட்டு அழுதாள்; இரண்டு குறட்டையும் நிற்கவில்லை. நீட்டிய கை அவள் நெற்றிக்குப் போனது. சூடு கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்தாலும் விரலை மூக்கின்கீழ் வைத்துப் பார்த்தாள்.

வெளிச்சம் வந்தபோது பொறையன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு விளக்கைப் பார்த்தார்.

"இன்னும் எரிகிறதே. யார் தூண்டியது?"

"நான்தான்."

"அப்படியானால் தோற்றது யார்?"

"என்ன?" என்றாள் முகிழி. மோதல் ஒன்று நடந்துகொண்டிருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நீங்கள் வேண்டுமென்றே தூங்கினீர்கள்."

"வேண்டுமென்றே தூங்குகிறவன் குறட்டையா விடுவான்? எனக்கு மானம் இல்லையா?" உண்மையாகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய்?"

"எந்தத் தூக்கம்?" என்றாள் முகிழி. "இவள் பிறந்ததிலிருந்து அப்படி ஒன்று கிடையாது."

பேச்சுச் சத்தத்தில் வல்லூரன் விழித்தான். நடந்ததைக் கேட்டதும் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"உறங்காப் போரா? நல்லது! தலைவி பெயரைச் சொல்லட்டும். நான் போய் உட்காருகிறேன்."

பொறையன் கேட்டார்: "கூடல்வாய்க்காரர்கள் யாரை உட்காரவைத்தார்கள் தெரியுமா?"

"ஒரு மல்லனை."

"ஏன் அவனை?"

"ஊரிலேயே பலசாலி அவன்தான். வேறு யாரை அனுப்புவார்கள்?"

"நல்ல பலசாலி. வயிறாரச் சாப்பிடுவான். மனதில் ஒரு கவலை கிடையாது. சாய்ந்தால் தூக்கம். உன்னைப்போல."

வல்லூரன் மீசையைத் தடவினான். பிறகு தடவுவதை நிறுத்தினான்.

முகிழி மெதுவாகக் கேட்டாள். "கொடுவரியன் யாரை உட்காரவைப்பான்?"

"படையிலேயே பெரிய வீரனை. வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது."

"இவள் என் மடியில் இருக்கலாமா?"

"மற்றவர்கள் வாளை வைத்துக்கொள்வார்கள். இவளை வைக்கக்கூடாது என்று விதி இல்லை."

"இவள் அழுதால் அவனுக்கும் தூக்கம் கலைந்துவிடுமே?"

பொறையன் வல்லூரனைப் பார்த்தார். "இராத்திரி குழந்தை அழுததா, தளபதி?"

"அழுததா? எப்போது?" என்றான் வல்லூரன்.

முகிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது அடங்கியதும் தலைப்பாகையை அவிழ்த்தாள். அதை இரண்டாக மடித்து, தும்பியை மார்போடு சேர்த்து அதனாலேயே கட்டிக்கொண்டாள். ஆசானை வணங்கிவிட்டு மலையிறங்கத் தொடங்கினாள். நடையில் தயக்கம் இல்லை. வல்லூரன் பின்னாலேயே போனான்.

முதல் திருப்பத்தில் அவள் நின்றாள். வல்லூரனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பி ஏறி வந்தாள்.

"ஆசானே, இன்னொன்று."

"கேள். மோதலில் வென்றவள் நீ. எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம்."

அவள் தும்பியைக் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டாள்.

"நாளைக் காலையில் எல்லைக்கல் முன்னால் நிற்பேன். பெயரைச் சொல்வேன். உட்காருவேன். அவன் ஆள் சாய்கிறவரை எழுந்திருக்கமாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பயம் போகவில்லை. களத்துக்குப் போகிற வீரர்களுக்குப் பயத்தைப் போக்க ஒரு மந்திரம் கொடுப்பீர்களே, அதை எனக்கும் கொடுங்கள்."

"இராத்திரி நான் விழித்திருந்தவரை அவள் மூக்கின்கீழ் விரலை வைத்து வைத்து எடுத்தாயே, எதற்கு?"

"மூச்சு இருக்கிறதா என்று. ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரியும். இருந்தாலும் பயம்."

பொறையன் பறவையைக் கூரையிலிருந்து இறங்கச் சொல்லிக் கையைத் தட்டினார். அது இறங்கி வந்து அவர் அருகில் உட்கார்ந்தது. மறுபடி பேன் பார்க்கத் தொடங்கினார்.

"வென்றுவிட்டு வா, மந்திரத்தைத் தருகிறேன்" என்றார். "இன்றைக்கே தந்தால் நாளைக்கு நீயும் தூங்கிவிடுவாய்."