பார்த்துவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை

தகர வாளி தரையில் மோதி உருண்ட சத்தம்தான் முதலில் கேட்டது. என்னவோ ஏதோ என்று ஜன்னலைத் திறந்தவர்கள் அப்புறம்தான் கீழே கிடந்த ஆளைப் பார்த்தார்கள்.

அவன் பெயர் இருதயம். நாலாவது மாடிச் சுவருக்கு வெளியே, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கிறவன். இரண்டாம் மாடிச் சன்ஷேடில் பட்டு விழுந்ததால் உயிர் மிஞ்சியது. இடுப்பு மிஞ்சவில்லை. இனிமேல் ஏணிகூட ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிற்றைக் கட்டுகிறவன் ஒருவன்; கட்டியதைப் பார்க்கிறவன் இன்னொருவன். பலகையில் இறங்குகிறவன் கைப்பிடிச் சுவரைத் தாண்டும் முன் “முடிச்சு?” என்று கேட்பான். “பாத்துட்டேன்” என்று பதில் வர வேண்டும். வேறெந்தச் சொல்லும் செல்லாது. ‘ம்’ என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ‘ஆகட்டும்’ என்றால் அப்புறம் ஆகும், ஆகாமலும் போகும். இந்தச் ‘சரி’ இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் கேடு கெட்டது. எதிராளியின் வாயை அடைக்க நாம் எல்லோரும் வைத்திருக்கும் சொல். அதைச் சொல்ல உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. ‘பாத்துட்டேன்’ என்று சொல்லக் கால் நடந்தாக வேண்டும்.

அன்று காலையில் சுவர் விரிசலைப் பார்க்க மேஸ்திரி துரைப்பாண்டியே பலகையில் இறங்கினார்.

“முடிச்சு?”

“சரி மேஸ்திரி” என்றான் கோமதிநாயகம். முடிச்சைப் பார்ப்பது அவன் வேலை.

“உன் சரியை எவன்டா கேட்டான்? டீயா வாங்கியாரச் சொன்னேன்? போய்ப் பாருடா!”

கோமதி ஓடிப்போய்ப் பார்த்தான். “பாத்துட்டேன்” என்றான். அதற்கப்புறம்தான் மேஸ்திரியின் கால் சுவரைத் தாண்டியது.

மத்தியானம் கயிற்றை அடுத்த பக்கச் சுவருக்கு மாற்றினார்கள். கட்டியவன் பலவேசம். கோமதி குனிந்து பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தான். இருதயத்தின் முறை.

“முடிச்சு?”

“ம்.”

“முடிச்சுடா, கோமதி!”

“சரிண்ணே.”

இருதயம் இறங்கவில்லை. “பாத்தியா இல்லையா?”

கீழே தரையிலிருந்து மேஸ்திரி கத்தினார்: “அதான் சரின்னுட்டான்ல! மாப்பிள்ளைக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமோ? உக்காரு, இல்லன்னா நாளையிலருந்து வராத!”

இருதயம் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஜெயராணி, கஞ்சித் தூக்கைக் கட்டிலோரம் வைத்துவிட்டு மூன்று பேரையும் நிற்கவைத்துக் கேட்டாள்.

பலவேசம் தலையைத் தூக்கவில்லை. “முடிச்சுல ஒரு சுத்துக் கொறஞ்சு போச்சு மதினி. கை தப்பும்னுதானே பாக்கறதுக்குத் தனியா ஒரு ஆள் வச்சிருக்கு?”

கோமதி அழுதான். “நான் பாத்துட்டேன்னு சொல்லலியே மதினி. சரின்னுதானே சொன்னேன்!”

“அந்தச் சரியக் கொண்டுபோயி குப்பைல கொட்டு!” என்றாள் ஜெயராணி.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “இவன வேலைய விட்டு நிறுத்திட்டேம்மா. சரின்னு சொன்னான், நம்பிட்டேன். தரையில நின்னவனுக்கு மாடில நடக்கறது எப்பிடித் தெரியும்?”

கட்டிலில் இருந்து இருதயம் மெல்லச் சொன்னான்: “அவன் பாக்கலன்னு எனக்குத் தெரியும் ராணி. உக்காந்தது நாந்தான்.”

படிக்கிறவர்களே, கட்டியவன், பார்க்காதவன், நம்பினேன் என்பவன், தெரிந்தே உட்கார்ந்தவன் என்று நாலு பேர். ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். இதில் யாருடைய குற்றம் பெரிது?

விடை: பலவேசத்தின் கை தவறியது. கோமதி சோம்பேறி, அவன் செய்ததும் சின்னக் குற்றமில்லை. இருதயம் உட்கார்ந்தது அடுத்த நாள் சோற்றுக்குப் பயந்து. ஆனால் மேஸ்திரி ‘சரி’யை நம்பினேன் என்கிறாரே, அது பச்சைப் பொய். காலையில் தன் உயிர் தொங்கும்போது அதே ஆளின் அதே சொல்லைக் காறித் துப்பியவர் அவர். அந்தச் சொல்லின் எடை அவரைவிட யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டேதான் இன்னொருவன் உயிருக்கு அது போதும் என்று முடிவு செய்தார். கோமதியைத் தண்டித்ததும் அவரே.

ஜெயராணிக்கும் இது விளங்கியிருந்தது. “தரையில நின்னீங்கல்ல? நல்லா நில்லுங்க” என்றாள். “என் கண்ணு முன்னால வேண்டாம்.”

மேஸ்திரி போன பிறகு தூக்கின் மூடியைத் திறந்தாள். கஞ்சி இன்னும் சுட்டது. டம்ளரில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள்.