டவாலி கூப்பிட்ட சத்தம்

ஊரில் சிதறிக் கிடந்த நிலங்களைச் சர்க்கார் ஒன்றுசேர்த்துத் திரும்பப் பிரித்துக் கொடுத்தபோது, பேராச்சியின் நஞ்சை வயல் பறிபோய்ப் பாறைக்காடு கைக்கு வந்தது. அப்பீல் போட்டாள், ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. தேங்கிப்போன அப்பீல்களை விசாரிக்க ஒருநாள் நீதிபதியே நில அலுவலகத்துக்கு நேரில் வந்துவிட்டார்.

"தாமதம் அவளாலதான் ஐயா. வாய்தாவுக்கு வாய்தா கூப்பிட்டும் வரலை. தள்ளுபடி பண்ணிரலாம்" என்றார் நில அதிகாரி. பிறகு, வாசலில் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி மாசானத்தை முறைத்தார். "ஏல, மூணு தடவை கூப்பிட்டியா, இல்லையா?"

இல்லை என்றால் வேலை போகும். ஆமாம் என்றால் பேராச்சியின் வயல் போகும். மாசானம் தலையைச் சொறிந்தான்.

"கூப்பிட்டேன் எசமான். எப்படின்னு காட்டட்டுமா?"

நீதிபதி தலையாட்டினார். மாசானம் நுனிக்காலில் வாசலுக்குப் போய், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "பேராச்சி... பேராச்சி... பேராச்சி..." என்று முணுமுணுத்தான்.

"என்னய்யா இது, எனக்கே கேட்கலையே!"

"சத்தமாக் கூப்பிட்டா அதிகாரி ஐயாவோட தூக்கம் கலைஞ்சிரும்லா? அப்படித்தான் உத்தரவு எசமான்."

நீதிபதி எழுந்துபோய் வாசலில் நின்று, தாமே உரக்கக் கூப்பிட்டார்.

"பேராச்சி!"

"இந்தா வந்துட்டேன் சாமி!" என்று எதிர்ப் புளியமரத்தடியிலிருந்து ஓடிவந்தாள் அவள். "ஒன்பது வருஷமா வாய்தா தவறாம இங்கதான உக்காந்திருக்கேன்!"

அன்றைக்கே விசாரித்து, வயலை அவளுக்கே திருப்பி எழுதிக் கொடுத்த பிறகுதான் நீதிபதி சாப்பிடப் போனார்.