போன சூடு திரும்ப வேண்டும்

கோத்தகிரிக் குளிர் எலும்பைக் கடிக்கும். அதற்காகவே மில் முதலாளி சிவஞானத்தின் பங்களாவில் வெந்நீர்க் குழாய் ஓடியது. பாய்லரில் கிளம்பும் வெந்நீர் அறை அறையாகச் சுற்றிச் சூடேற்றி மறுபடி பாய்லருக்கே வரும். திட்டம் போட்டவள் பிளம்பர் பவளக்கொடி. ஒரு பெண் போட்ட திட்டமா? முதலாளிக்குப் பொறுக்கவில்லை!

சம்பந்தி வீட்டார் வந்த அன்று முதலாளி தெர்மாமீட்டரோடு பாய்லர் பக்கத்தில் நின்றார்.

"போறது ஐம்பது டிகிரி, திரும்பறது முப்பத்தஞ்சு. மீதிச் சூட்டை எங்கே தொலைச்சே?"

"ஆறி வந்தாத்தாங்க இந்த பாய்லர் புகையோட போற சூட்டையும் பிடிச்சுக்கும். கேஸ் மிச்சம்."

"எனக்கே பாடமா? போன சூடு அப்படியே திரும்பணும். இல்லேன்னா இந்த மலையில எவன் வீட்டுக் குழாயையும் நீ தொட முடியாது!"

கேளுங்கள் நியாயத்தை! பவளக்கொடி வாதாடவே இல்லை. "சரிங்கய்யா" என்று போய், அறைகளின் வால்வுகளை மூடி, வெந்நீரை நேரே பாய்லருக்கே திருப்பிவிட்டாள்.

ஐம்பது போனது; ஐம்பது திரும்பியது!

"பார்த்தீங்களா சம்பந்தி? மிரட்டினாத்தான் வேலை நடக்கும்" என்ற முதலாளிக்குக் குளிரில் பல் கிட்டியது.

சம்பந்தியம்மா சால்வையை இழுத்துப் போர்த்தினார். "சூடே காணோமே?"

"ஐயா உத்தரவுங்கம்மா. உங்களுக்குக் கொடுத்தா, திரும்பறது குறைஞ்சிடுமே!"

சம்பந்தியம்மா குலுங்கிச் சிரித்தார். "எங்க குன்னூர் வீட்டுக்கும் நீதான் வரணும், கண்ணு."

முதலாளி தெர்மாமீட்டரைப் பாக்கெட்டில் ஒளித்தார். "வால்வைத் திறம்மா."

"சூடு குறையுமேங்க?"

"குறையட்டும் தாயே, குறையட்டும்!"