பிலோமி உட்கார்ந்த சிலை

அமெரிக்காவின் ஓஹையோவில், கார் தொழிற்சாலை மூடிவிட்ட ஊரொன்றில், யோகாம்பிகை என்றொரு சிற்பி இருந்தார். உயிருள்ள ஆள்மேல் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுப்பார். பிசினில் வார்த்து, தோல்நிறம் தீட்டி, மெய்யான துணியையே உடுத்திவிடுவார். அவர் செய்த சிலையிடம் ஒருவர் வழி கேட்டார் என்பார்கள். மணி கேட்டார் என்போரும் உண்டு.

அந்தத் தொழிற்சாலையில் வேலை இழந்த சவரியப்பன் அவரிடம் சீடராய்ச் சேர்ந்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர். அவர் மனைவி பிலோமி பேரங்காடியின் கல்லாவில் நின்று குடும்பத்தைத் தாங்கினாள். நின்று என்பது பேச்சுக்கல்ல. அந்நாட்டில் கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி தரும் வழக்கமில்லை.

வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணாக அவளையே அவர் சிலை வார்த்தார். மாதக் கடைசியில் கண்காட்சிக்காரர்கள் பார்க்க வருவார்கள். அவர்கள் ஏற்றால் அவர் சிற்பி. இல்லையேல் பழையபடி வேலையற்றவர்.

"டீச்சர், சீருடை அவளோடது. ஷூ அவளோடது. கால்ல புடைச்ச நரம்புகூடத் தப்பல. களைப்பு மட்டும் வரமாட்டேங்குதே, ஏன்?"

குரு சிலையைச் சுற்றி வந்தார். முகத்தருகே நெடுநேரம் நின்றார்.

"பெஞ்சுல உக்காரவெச்சு அச்செடுத்தீங்களா, அண்ணாச்சி?"

"ஆமா. அசையாம உக்காருன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

சவரியப்பன் சிரித்தார். "அவளுக்கு வாய் கொஞ்சமா? 'கல்யாணமாகி இன்னைக்குத்தான் என்னை உக்காரச் சொல்லியிருக்கீங்க. இந்த மாவு காயாமலே கிடக்கட்டும்'னா. மாவு இறுகுறப்போ சூடாகும்ல, அந்த இதத்துலயே தூங்கிட்டா."

குரு சிரிக்கவில்லை.

"அப்போ தப்பு அங்கேதான்," என்றார் சவரியப்பன். சுத்தியலை எடுத்தார். "இதை உடைச்சிடுறேன், டீச்சர். வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா நிக்கவெச்சே திரும்ப எடுக்கிறேன். அவ மாட்டேன்னு சொல்லமாட்டா."

"சொல்லமாட்டாங்க."

"அப்போ உடைக்கட்டுமா?"

"உங்க சிலை, உடைங்க. உடைச்சப்புறம் பிலோமி உக்காந்திருக்கிறதை எங்கே போய்ப் பார்ப்பீங்க, அண்ணாச்சி?"

சவரியப்பன் நினைத்துப் பார்த்தார். நினைவில் வந்த இடமெல்லாம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.