மலை தாண்டிய பேச்சு

அந்தக் காலத்தில் இத்தாலியில் ஊருக்கு ஊர் பேச்சு வேறு. படித்தவர்கள் லத்தீனில் மட்டுமே எழுதினார்கள்.

பிளாரன்ஸ் நகரத்து ஆசான் பால்தோ அப்படிச் செய்யவில்லை. ஆற்று வெள்ளம் கொண்டுபோன மகளைத் தேடி அலையும் ஒரு சாயக்காரியின் கதையை, சாயக்காரிகள் பேசுகிற பேச்சிலேயே நெடும்பாட்டாக எழுதினார். பாதி ஆயுள் அதிலேயே போயிற்று.

அவருடைய சீடன் கொர்ராதோ லத்தீனில் பெரிய புலமை உள்ளவன்.

"ஆசானே, பாதுவா நகரத்து அறிஞர்கள் இதை லத்தீனில் கேட்கிறார்கள். கொடுத்தால் உங்கள் தலையில் வாகை சூட்டுவார்கள்" என்றான்.

"இப்படியே கொடுத்தால்?"

"சந்தைப் பேச்சு என்று சிரிப்பார்கள். உங்களோடு சேர்ந்து இதுவும் செத்துப்போகும். மலைக்கு அந்தப் பக்கம் இது யாருக்குப் புரியும்?"

பால்தோ சுவடியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கேள். யாருக்கும் புரியவில்லை என்றால் நீயே லத்தீனில் எழுதிவிடு. என்னிடம் கேட்க வேண்டாம்."

கொர்ராதோ பாதுவாவுக்குக் கிளம்பினான். கணவாயில் பனி கொட்டி வழி அடைத்துக்கொண்டது. அங்கிருந்த சத்திரத்தில் அவனோடு மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். வெனிஸ் கண்ணாடி வியாபாரி சோர்சி, நேப்பிள்ஸ் கழுதைக்காரன் கொலா, ரோமுக்கு யாத்திரை போகும் மிலான் விதவை பெல்த்ரமா. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கியது. அடுப்பருகே கொஞ்சம் இடம் கேட்ட பெல்த்ரமாவிடம், தன்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக் கொலா சண்டைக்குப் போனான்.

அவர்களை அமைதிப்படுத்தக் கொர்ராதோ, தான் முன்பே லத்தீனில் மாற்றி வைத்திருந்த முதல் பகுதியைப் படித்தான்.

மூவரும் தலை குனிந்து கேட்டார்கள். முடித்ததும், தேவாலய ஜெபம் என்று நினைத்து "ஆமென்" என்றார்கள்.

கொர்ராதோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுவடியை எடுத்து ஆசானின் வரிகளையே படிக்கத் தொடங்கினான்.

முதலில் கொலா சிரித்தான். சாயக்காரி வெள்ளத்தைப் பார்த்துத் திட்டுகிற இடம் அது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. புரியாத சொல் வந்தால் சோர்சி கையைத் தூக்கினான். கொர்ராதோ விளக்குமுன் பெல்த்ரமா விளக்கினாள். படகுத்துறையில் ஒரு சின்னச் செருப்பு ஒதுங்குகிற இடத்தில் கொர்ராதோ நிறுத்தினான்.

"பிள்ளை கிடைத்தாளா?"

மூன்று பேரும் மூன்று பேச்சில் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

வழி திறந்துவிட்டதாகச் சத்திரக்காரன் வந்து சொன்னான். யாரும் எழுந்திருக்கவில்லை.

கதை முடிந்த பிறகு கொர்ராதோ பாதுவாவுக்குப் போகவில்லை. சோர்சியோடு வெனிஸுக்குப் போனான். அங்கே சுவடியைப் படியெடுத்தார்கள். அந்தப் படியிலிருந்து வேறு ஊர்க்காரர்கள் படியெடுத்தார்கள்.

வசந்தத்தில் அவன் பிளாரன்ஸ் திரும்பினான். பால்தோ வாசலுக்கே ஓடி வந்தார்.

"லத்தீனில் எழுதிவிட்டாயா?"

"இல்லை. பாதுவாவில் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். வாகை கிடைக்காது."

"அது கிடக்கட்டும். மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது?"

"படகுக்காரர்கள் பாடுகிறார்கள், ஆசானே. மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் வரி வருகிறது. ஆனால்…"

"ஆனால்?"

"கொலை செய்கிறார்கள். வெனிஸ்காரன் 'மகள்' என்ற சொல்லில் பாதியை விழுங்குகிறான். நேப்பிள்ஸ்காரன் சொல்லின் கடைசி ஓசையை விட்டுவிடுகிறான். காது கூசுகிறது."

"திருத்தினாயா?"

"ஒரு படகுக்காரனைத் திருத்தினேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். 'எங்கள் மொழியை எனக்கே சொல்லித்தருகிறாயா?' என்றான்."

பால்தோ அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு முட்டியது. தெருவில் கம்பளி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல், கொர்ராதோ. அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்."